ஆறு மணித்தியாலம் தாண்டித் தாண்டி ஓடிய கடிகாரம்: பழைய ஃபோர்ட்ரான் நிரலைப் புதிய கொம்பைலரில் கட்டிய கதை

கிண்ணியாவிலிருந்து வந்த மாணவி இரண்டு தாள்களை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று போன வருடம் பழைய லப்டொப்பில் அச்செடுத்தது, மற்றது போன கிழமை புதிய லப்டொப்பில் எடுத்தது. தரவு ஒன்றே: திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எடுத்த ஒரு வருடக் கடல்மட்டப் பதிவு, மணித்தியாலத்துக்கு ஒன்றாக 8760 எண்கள். அதை வற்றுப்பெருக்குக் கூறுகளாகப் பிரிக்கும் நிரலும் ஒன்றே என்றார். விடைகள் மட்டும் வேறு.

"எரர் ஒன்றும் வரவில்லை சேர். நல்லா ஓடுது. ஆனா எஸ்2 மட்டும் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு."

எஸ்2 என்பது சூரியனால் வருகிற வற்றுப்பெருக்குக் கூறு. சரியாக 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். புதிய தாளில் அதன் வீச்சு பல மீற்றர் என்று இருந்தது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. அந்தத் தாளை நம்பினால் திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கிற மான்களுக்கு நீச்சல் பழக்க வேண்டியதுதான்.

அவரும் வகுப்பு நண்பர் ஒருவரும் பேசி, எஸ்2 நேரத்துப் பதிவில்தான் ஏதோ கோளாறு என்று முடிவெடுத்து, அந்தக் கூறையே கணக்கிலிருந்து தூக்கியிருந்தார்கள். தூக்கிய பிறகு தாள் ஒழுங்காகத் தெரிந்தது. இந்த மாதிரிப் பிழைகளில் எனக்குப் பயம் தருவதே இந்த இடம்தான். பைத்தியக்கார எண் ஒன்று வெளியே தெரிந்தால் ஆள் தேடுவார். அதை மறைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் நல்ல பிள்ளை போல நிற்கும்.

என்னிடம் வருமுன் நடந்தது

நிரலின் உள்பகுதி ஃபோர்ட்ரான் என்ற பழைய கணக்கு மொழியில், அதன் பழைய நிலையான வடிவில் எழுதியது. மேலே பைதன். இரண்டையும் எஃப்டூபை இணைக்கிறது. எஃப்டூபை, பைதனின் எண்கணக்கு நூலகமான நம்பையோடு சேர்ந்தே வரும் கருவி. ஃபோர்ட்ரான் துணைநிரலை பைதன் கூப்பிடக்கூடிய நீட்சியாக மாற்றித் தரும். யாரோ முந்திய மாணவர் எழுதி, கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது.

பழைய லப்டொப்பில் உபுண்டு 18.04, பைதன் 3.6, கொம்பைலர் (மூலத்தை ஓடக்கூடிய நிரலாகக் கட்டும் கருவி) ஜிசிசி 7. உப்புக்காற்றோ வேறு எதுவோ, அதன் மதர்போர்ட் போய்விட்டது. புதியதில் உபுண்டு 24.04, பைதன் 3.12, ஜிசிசி 13. பென் டிரைவில் இருந்த கோப்புறையை அப்படியே இதில் போட்டார்கள்.

முதலில், கட்டி முடிந்த பழைய .எஸ்ஓ கோப்பையே ஓட்டிப் பார்த்தார்களாம். அது ஓடாது. கோப்பின் பெயரிலேயே சீபைதன்-36 என்று இருக்கிறது, 3.12 அதைத் திரும்பியும் பார்க்காது. பெயரை மாற்றி ஏமாற்றினாலும், தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையில் போட்டால் லிப்ஜிஃபோர்ட்ரான் 4 கிடைக்கவில்லை என்று சொல்லும். ஜிசிசி 7 கட்டியது நான்காம் இலக்க நூலகத்தைக் கேட்கும், 8 முதல் எல்லாம் ஐந்தாம் இலக்கம். நான்கைத் தேடிப் பிடித்துப் போட்டாலும் பைதன் உள்ளமைப்பு வேறு. அந்த வழியில் போகாமல் விட்டது நல்லது.

பிறகு, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் செட்டப்.பை கோப்பை ஓட்டினார்கள். முதல் வரியிலேயே விழுந்தது. அது நீட்சிகளைக் கட்டும் பகுதியான நம்பை.டிஸ்ட்யுடில்ஸை அழைக்கிறது. பைதன் 3.12இல் டிஸ்ட்யுடில்ஸையே எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த நம்பையின் பகுதியும் 3.12க்குக் கிடையாது. அதன் இடத்தை மீசன் என்ற கட்டும் கருவி எடுத்துக்கொண்டது. எனவே செட்டப்.பையை ஒதுக்கிவிட்டு, மீசனையும் அதோடு வேலை செய்யும் நிஞ்சாவையும் நிறுவி, எஃப்டூபையை நேராகக் கட்டளை வரியில் கூப்பிட்டார்கள். இதுவரை அவர்கள் செய்தது எல்லாம் சரி. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அந்த ஒதுக்கிய கோப்பு பிறகு திரும்பி வரும்.

இப்போது ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கொம்பைலரான ஜிஃபோர்ட்ரான் நின்றது: 'டி' என்ற மாறி ரியல்(8), அதாவது 8 பைட் தசம எண், ஆகக் கொடுக்கப்படுகிறது, வாங்குவது 4 பைட் ரியல்(4), வகை பொருந்தவில்லை. எரர்.

நண்பர் தேடிப் பார்த்ததில் ஜிசிசி 10 முதல் இது எரராக மாறியது என்றும், '-எஃப்அலோ-ஆர்கியுமென்ட்-மிஸ்மட்ச்' என்று ஒரு கொடி (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) கொடுத்தால் வெறும் எச்சரிக்கையாக இறங்கும் என்றும் தெரிந்தது. இரண்டுமே உண்மை. கொடுத்தார், கட்டியது, ஓடியது. விடையாக, 'இது எண் அல்ல' என்கிற 'நான்' (NaN) குறி வந்தது. அப்புறம் அவர் இன்னும் ஒரு படி போய், "ஒரு பக்கம் 8, மறு பக்கம் 4 என்றால் இரண்டையும் ஒன்றாக்கினால் சரிதானே" என்று, நுழைவுத் துணைநிரலில் இருந்த ரியல்*8 எல்லாவற்றையும் வெறும் ரியல் ஆக்கினார். எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த நிரல்தான் இரண்டாவது தாளை அச்சடித்தது.

நான் வீணாக்கிய ஒன்றரை மணித்தியாலம்

இந்தக் கதை முழுவதையும் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "எல்லாம் அப்கிரேட் பண்ணினோம், விடை மாறிப்போச்சு" என்றதும் என் தலை நேராக நம்பைக்குப் போய்விட்டது. நம்பை 2.0 வெளிவந்தது 2024 யூன் மாதம். அதில் இரும உள்ளமைப்பு, அதாவது கட்டிய நீட்சி நம்பையோடு பொருந்தும் விதம், மாறியது. 1.x ஐ வைத்துக் கட்டிய நீட்சி 2.0 இல் ஓடாது, 2.0 ஐ வைத்துக் கட்டியது பழைய 1.x இலும் ஓடும். இங்கே அப்படிக் கலந்திருக்குமோ என்று இரண்டு தனித்தனி மெய்நிகர்ச் சூழல் போட்டு, ஒன்றில் 1.26, மற்றதில் 2, இரண்டிலும் கட்டினேன். ஒரே பிழை விடை. பிறகு கொம்பைலர் அதிகமாக மெருகூட்டிவிட்டதோ என்று, மெருகூட்டலை நிறுத்தும் -ஓ0 கொடியைப் போட்டேன். அதே விடை.

யோசித்தால் இது நேரக் கொலை. உள்ளமைப்பு பொருந்தாத நீட்சி பெரும்பாலும் இறக்குமதி வரியிலேயே கத்தும், அல்லது நிரல் அப்படியே சரிந்து விழும். அமைதியாக எண்ணைக் கூட்டிக் குறைக்காது.

ப்ளேன்டீ ஒன்று வந்தது. அதைக் குடித்துக்கொண்டு தாள் இரண்டையும் கூறு கூறாக வகுத்துப் பார்த்தேன். எஸ்2வை விட்டுவிட்டு மற்றதை. எம்2, அதாவது சந்திரனின் 12.42 மணித்தியாலக் கூறு, புதிய தாளில் பழையதின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கே1, ஓ1 போன்ற நாளுக்கு ஒரு தடவை வருகிற கூறுகள் பத்தில் ஒன்பது பங்கு. மெதுவான அலை கொஞ்சம் சுருங்குகிறது, வேகமான அலை நிறையச் சுருங்குகிறது.

உயரத்தில் பிழை என்றால் எல்லாம் ஒரே அளவில் சுருங்கியிருக்கும். வேகத்துக்கு ஏற்றபடி சுருங்கினால் பிழை நேரத்தில்.

"நேரத்தை என்னவாக் குடுக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"யூலியன் நாள் சேர்."

அத்தோடு முடிச்சு அவிழ்ந்தது. யூலியன் நாள் என்பது மிகப் பழைய ஒரு தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் எண்ணி வரும் நாட்கணக்கு, இப்போது 24 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேலே. 4 பைட் ரியல் எண்ணில் 24 இரும இலக்கம்தான் நிற்கும். 20,97,152க்கும் 41,94,304க்கும் இடையில் உள்ள எண்களுக்கு அது தருகிற மிகச் சிறிய படி 0.25. நாளில் கால்வாசி, ஆறு மணித்தியாலம். காலை ஏழு மணியும் எட்டு மணியும் அந்த எண்ணுக்கு ஒன்றுதான்.

பைதனில் நேர வரிசையை ஒற்றைத் துல்லியமாக்கி (4 பைட்), அதில் எத்தனை வேறு வேறு நேரம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். 8760 பதிவுக்கு 1461 நேரம். 365ஐ நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது. மாணவி திரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப்டூபை இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாது. ஃபோர்ட்ரான் பக்கம் வெறும் ரியல் என்று இருந்தால், பைதன் கொடுக்கும் 8 பைட் வரிசையைத் தானே 4 பைட்டுக்குப் படி எடுத்துக் கொடுத்துவிடும். உதவி செய்கிறதாம்.

மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது என்று கையால் கணக்குப் போட்டோம். ஒரு படியைச் சுற்றி முன்னே மூன்று, பின்னே மூன்று மணித்தியாலத்துக்குள் இருக்கும் பதிவுகள் எல்லாம் அந்தப் படியிலேயே குவிகின்றன. எம்2 மணித்தியாலத்துக்கு 29 பாகை நகரும். ஆறு பதிவுக்கு: கோசைன் 0 ஒன்று, கோசைன் 29 இரண்டு, கோசைன் 58 இரண்டு, கோசைன் 87 ஒன்று. கூட்டி ஆறால் வகுத்தால் 0.64. கே1 மணித்தியாலத்துக்கு 15 பாகை, அதே கணக்கில் ஏறக்குறைய 0.9. தாளில் இருந்த விகிதம் இதுதான்.

எஸ்2 ஏன் வெடித்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. அது மணித்தியாலத்துக்கு 30 பாகை, ஆறு மணித்தியாலப் படிக்குச் சரியாக 180. எனவே ஒவ்வொரு படியிலும் கோசைன் மேலே கீழே என்று மாறிக்கொண்டிருக்க, சைன் எப்போதும் பூச்சியத்தில் நிற்கும். பதிவுக்கு மிக நெருங்கிப் பொருந்தும் அலைகளைக் கண்டுபிடிக்கிற மிகக்குறைந்த வர்க்கத் தீர்வில் ஒரு நெடுவரிசை முழுக்கப் பூச்சியம், மிச்சம் இருப்பது கணக்குத் தூசி. அந்தத் தூசியால் வகுத்தால் மலை வரும்தானே. பாவம், பதிவில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

செட்டப்.பையின் பதினோராம் வரி

நண்பரின் மாற்றத்தைத் திரும்பப் பழையபடி ஆக்கினேன். நுழைவுத் துணைநிரல் மறுபடி ரியல்*8. உள்ளே உள்ள தீர்வுத் துணைநிரல் முதலிலிருந்தே வெறும் ரியல், அதை யாரும் தொடவில்லை. ஜிஃபோர்ட்ரான் மறுபடி அதே எரர். அப்படியானால் பழைய லப்டொப்பில் எப்படிச் சரியான விடை வந்தது? ஜிசிசி 7 இந்தப் பொருத்தமின்மைக்கு எரர் கொடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் எரர் இல்லை என்பதற்காக விடை சரியாகிவிடாது.

அது சும்மா சொல்வதல்ல என்று காட்டுவதற்கு மாணவிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். 8 பைட்டாக 0.5, 1.0, 2.0 என்று மூன்று எண். வாங்கும் துணைநிரல் அதை 4 பைட் என்று நினைத்து ஆறு எண்ணாக அச்சடிக்கிறது. பொருந்தாமையைப் பொறுத்துக்கொள்ளும் அந்தக் கொடியோடு கட்டினோம். வந்தது: 0, 1.75, 0, 1.875, 0, 2. ஒவ்வொரு எண்ணும் இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதி பூச்சியமாகவும் மேற்பாதி வேறு ஏதோ ஒன்றாகவும் வாசிக்கப்படுகிறது. 2.0 மட்டும் தற்செயலாக 2 ஆகவே வருகிறது. அந்தத் தற்செயல்தான் என்னைச் சிரிக்க வைத்தது. யாராவது 2ஐ மட்டும் போட்டுச் சோதித்திருந்தால் பாதி சரி என்று நம்பியிருப்பார். அந்தக் கொடி பிழையைத் திருத்துவதில்லை, கொம்பைலரின் வாயைக் கட்டுகிறது. வகை உண்மையிலேயே முக்கியமில்லாத சில பழைய நூலகங்களுக்கு அது தேவைப்படும். இங்கே அது மருந்தல்ல.

அப்படியானால் பழைய கட்டலில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் செட்டப்.பையைத் திறந்தேன். மொத்தம் 14 வரி. பதினோராவதில், ஃபோர்ட்ரான் 77க்கான கூடுதல் கொடி என்று, ஒன்றே ஒன்று: '-எஃப்டிஃபோல்ட்-ரியல்-8'.

வகை குறிக்காத எல்லா ரியலையும் 8 பைட் ஆக்கு என்பது அதன் பொருள். 1.0 போன்ற மாறிலிகளும் சேர்ந்தே 8 பைட் ஆகும். அந்தக் கொடியோடு கட்டும்போது உள்ளே இருந்த ரியலும் வெளியே இருந்த ரியல்*8உம் ஒரே அளவு. எரர் வருவதற்குக் காரணமே இல்லை. நிரலின் பாதி ஃபோர்ட்ரான் கோப்பில் இருந்தது, மீதிப் பாதி கட்டும் கோப்பில் இருந்தது. டிஸ்ட்யுடில்ஸ் போனதும் மீதிப் பாதியும் போய்விட்டது.

யார் ஏன் அப்படி எழுதினார் என்று ஊகிக்கலாம். உள்ளே உள்ள தீர்வுப் பகுதியின் நடையைப் பார்த்தால் அது இன்னும் பழையது. சிடிசி 6600 கணினியில் ஒரு சொல் 60 பிட், கிரேயில் 64 பிட். அங்கே வெறும் ரியல் என்றாலே தாராளமான துல்லியம், யாரும் 8 என்று எழுதத் தேவையில்லை. 32 பிட் ரியல் உள்ள இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் மூலத்தைத் தொடாமல் கொடியால் சமாளித்திருக்கிறார்.

திருத்தம்

முதலில் பழைய விடையை அப்படியே மீட்க வேண்டும், அழகுபடுத்துவது பிறகு. மீசன் வழியில் கட்டும்போது எஃப்ஃப்ளாக்ஸ் என்ற சூழல் மாறியில் கொடியைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். அந்த -ரியல்-8 கொடியோடு '-எஃப்டிஃபோல்ட்-டபிள்-8' என்பதையும் சேர்த்துக் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் முதல் கொடி, டபிள் பிரிசிஷன் என்று அறிவித்தவற்றையும் 1.டி0 போன்ற மாறிலிகளையும் 16 பைட் ஆக்கிவிடும். இந்த நிரலில் அப்படி அறிவித்தது ஒன்றும் இல்லை, ஆனால் லாபாக் என்ற அணிக்கணக்கு நூலகத்தைக் கூப்பிடும் நிரல்களில் அது இன்னொரு குழி.

கட்டினோம். போன வருடத் தாளோடு நான்கு தசமம் வரை பொருந்தியது. எஸ்2 தன் இடத்தில் சாதுவாக நின்றது.

ஆனால் கொடியை நம்பி விட்டால் அடுத்த லப்டொப்பில் இதே கதை. எனவே மூலத்திலேயே எழுதினோம். தீர்வுத் துணைநிரலின் எல்லா ரியலும் ரியல்*8, எல்லா மாறிலிக்கும் டி0. இதில் ஒரு இடத்தில் கொம்பைலர் மறுபடி நிறுத்தியது: பாகையை 360க்குள் மடக்க ஏமொட் என்று எழுதியிருந்தது. ஏமொட் இயல்பு ரியலை மட்டும்தான் ஏற்கும், மொட் எந்த வகைக்கும் பொருந்தும். மாற்றினோம்.

கடைசியாக ஒவ்வொரு துணைநிரலின் தலையிலும், அறிவிக்காத மாறியை ஏற்காதே என்கிற இம்ப்ளிசிட் நன் போட்டேன். ஃபோர்ட்ரானில் அறிவிக்காத மாறி, பெயர் ஐ முதல் என் வரை தொடங்காவிட்டால், தானாக ரியல் ஆகும், அதாவது 4 பைட். அப்படி ஒன்று ஒளிந்திருந்தது: டிடி, நேரப் படி, நாளின் 24இல் ஒரு பங்கு. அதை ஒற்றைத் துல்லியத்தில் வைத்து 8760 தடவை பெருக்கினால் வருட முடிவில் ஏறக்குறைய ஒரு செக்கன் பிழை. வற்றுப்பெருக்குக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனாலும் மாணவி அதை விடவில்லை. "இருந்தா இருக்கட்டும் என்று விட்டுத்தானே சேர் இவ்வளவும்" என்றார். அறிவித்தோம்.

சோதனைக்கு உண்மைத் தரவு வேண்டாம் என்று, தெரிந்த விடையுள்ள பொய்க் கடல் ஒன்றைச் செய்தோம்: எம்2 மட்டும், வீச்சு 0.20 மீற்றர், அவத்தை (அலை தொடங்கும் நிலை) 45 பாகை, ஒரு வருடம். கொடி எதுவும் இல்லாமல் கட்டிய புதிய நிரல் 0.20உம் 45உம் திருப்பித் தந்தது. நண்பர் மாற்றிய நிரலுக்கும் அதையே கொடுத்தோம்: 0.13. அவத்தை சரி, வீச்சு மட்டும் குறைவு. கண்ணுக்கு எவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பொய்க் கடல் இப்போது நிரலோடு ஒரே கோப்புறையில் இருக்கிறது, கட்டி முடிந்ததும் தானாக ஓடும். பழைய செட்டப்.பையையும் அழிக்க வேண்டாம் என்றேன். பதினோராம் வரிக்கு மேலே அவர் ஒரு குறிப்பு எழுதினார். பிறகு நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, "எஸ்2வைத் திரும்பப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.